தம்பிக்கு, பரங்கிக்காய் பற்றி

அன்புள்ள தம்பி,

அம்மாவின் முதல் திதிக்கு வர முடியாது என்று ஒரு வரி. அடுத்த வரியில், "அந்தப் பரங்கிக்காய்ப் பால் கூட்டு எப்படிச் செய்யணும்?" உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் நான்தான் என்ன செய்வேன்? டிக்கெட் விவகாரம் இங்கே வேண்டாம், சித்தப்பா வீட்டாரும் இதைப் படிப்பார்கள். கூட்டுக்கு வருகிறேன்.

உங்கள் ஊர்க் கடையில் இருக்கும் பூசணி வகைகளில் பட்டர்நட்டையே வாங்கு. நம் பரங்கிக்கு நெருங்கிய உறவு அதுதான். பச்சைத் தோல் கபோச்சா மாவாகக் கரையும், பாலை உறிஞ்சிவிடும். ஏக்கார்ன் ருசி கம்மி. ஸ்பகெட்டி ஸ்குவாஷ் வெந்தால் நார் நாராகப் பிரியும், நம் சமையலுக்கு ஆகாது.

பட்டர்நட்டில் கழுத்துப் பகுதி கெட்டி, அடிப் பகுதியில் விதையும் நாரும். கழுத்தைத் துண்டு போடு, அடியை மசிக்க வை. தோல் சீவுமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள். இல்லாவிட்டால் காயிலிருந்து கசியும் பால் காய்ந்து கைத்தோலை இழுத்துப் பிடிக்கும். கத்தி இறங்கவில்லையா, நாலைந்து இடத்தில் குத்திவிட்டு மைக்ரோவேவில் 2 நிமிடம் வை.

அம்மா வெட்டியதும் என்ன செய்வாள், ஞாபகம் இருக்கிறதா? நீ போன் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த பொங்கல் அன்று. அரிவாள்மணையில் காய் இரண்டானதும், ஒரு துணுக்கை நகத்தால் கிள்ளி நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "சாமிக்கு முன்னாடியே ருசி பாக்கிறியா" என்று நீ சிரித்தாய். அவள் பார்த்தது ருசியை அல்ல, கசப்பை. கசக்கிற பரங்கியை எத்தனை நேரம் வேகவைத்தாலும் கசப்பு போகாது, வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். முழுக் காயையும் தூக்கிப் போட வேண்டியதுதான். நீயும் கிள்ளிப் பார். அந்த வீடியோவை இன்றுவரை எனக்கு அனுப்பவில்லை நீ.

சரி, கூட்டு. 400 கிராம் கழுத்துப் பகுதி, 2 செ.மீ. துண்டுகள். கால் கப் தண்ணீர், சிட்டிகை உப்பு, மூடி போட்டுச் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம். காயே தண்ணீர் விடும், அதனால் மேலே ஊற்றாதே. குக்கரில் வைத்தாயோ, ஒரே விசிலில் களி. ஒரு கப் காய்ச்சி ஆறிய பாலில் ஒரு டீஸ்பூன் அரிசிமாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணை. வெல்லம் அதற்கப்புறம்தான், அதையும் தனியே கரைத்து வடிகட்டி. கொதிக்கிற பாலில் வெல்லம் விழுந்தால் திரிந்துபோகும். பட்டர்நட் தானே இனிக்கும், ஒரு டேபிள்ஸ்பூன் வெல்லம் போதும். கடைசியில் தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு வற்றல் மிளகாய். அம்மா அளவு சொன்னதில்லை என்று குறைப்படாதே. பக்கத்தில் நின்றவர்களுக்கு அளவு தேவைப்படவில்லை.

சுடுசொல்தான். இருக்கட்டும், கோபித்துக்கொள்ளாதே கண்ணா, உனக்கு இரவு சாப்பாடே சரியில்லை என்று எனக்குத் தெரியாதா.

வாரநாளில் பால் கூட்டுக்கெல்லாம் நேரமிருக்காது. அப்போது புளிக்குழம்பு வை: எலுமிச்சை அளவு புளி, இரண்டு டீஸ்பூன் சாம்பார் பொடி. காயைப் பச்சையாகவே புளித்தண்ணீரில் போடு, புளிப்பில் வெந்தால் துண்டு உடையாமல் நிற்கும். கபோச்சாவை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் நாகர்கோவில் பக்கத்து எரிசேரிக்குப் போட்டுவிடு, மாவுத்தன்மை அதற்குப் பொருத்தம். வெந்த காராமணி கால் கப், அரைக்க அரை கப் தேங்காய், அரை டீஸ்பூன் சீரகம், இரண்டு பச்சை மிளகாய். இறக்கியபின் இரண்டு டேபிள்ஸ்பூன் துருவலைத் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்துக் கொட்டு. வாசனையே அதில்தான், சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதே.

முழுக் காயை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், வெயில் படாத குளிர்ந்த மூலையில் இரண்டு மாதம் தாங்கும். வெட்டியதை விதை, நார் சுரண்டிவிட்டு மூடி வைத்தால் நாலு நாள். நார் இருந்தால் அங்கிருந்துதான் கொழகொழக்க ஆரம்பிக்கும்.

திதியன்று நம் வீட்டில் என்ன செய்வது என்பதை நானும் அண்ணியும் பார்த்துக்கொள்கிறோம். அன்று மத்தியானம் 2 மணிக்கு மேல் கூப்பிடு. அதற்குமுன் வேண்டாம், கை ஒழியாது.

அக்கா