பாய் மதில் முடிந்தது: திருகோணமலை ஊரவர்களுக்கு எங்கள் நன்றி

அன்பான ஊரவர்களுக்கு,

இடம்பெயர்ந்து திரும்பி வந்த குடும்பங்கள் தங்கள் பாய்களை மதிலில் வரைந்த வேலை முடிந்துவிட்டது. கடைசிப் பாயின் ஓரத்துச் சிவப்புக் கோட்டை நேற்றுப் பின்னேரம் இழுத்தோம். கையில் இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறது. நித்திரையும் சரியாக இல்லை. ஆனாலும் இதை இப்போதே எழுத வேண்டும். ஆறப்போட்டால் மேடையில் பேசுவது போன்ற சொற்கள் வந்து குந்திவிடும்.

வரைந்த பாய்களின் மேல் தார் ஊற்றப்பட்ட அந்த இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் வந்து பார்த்து வாயடைத்து நின்றவர்கள் நீங்கள்தான். தாரை ஊற்றியது யார் என்ற பேச்சையும் இங்கே எடுக்கப்போவதில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது.

முதல் நன்றி ஒரு திறப்புக்கு.

டச்பே கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த அச்சாறுக் கடையைத் தெரியும். அன்னாசி, விளாங்காய், அம்பரெல்லா எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் மிளகாய்த்தூளோடு மினுங்கும். கடையை நடத்துகிற அக்கா சிங்களவர். சந்தைத் தமிழ் நன்றாகப் பேசுவார், ஏசுவதற்கும் அது போதும். ஆரம்பத்தில் எங்களை ஏசிக்கொண்டுதான் இருந்தார். பெயின்ற் தெறிக்கிறது, ஏணி வழியை மறிக்கிறது, வாடிக்கையாளர்கள் அச்சாறை விட்டுவிட்டு மதிலைப் பார்க்கிறார்கள் என்று. கடைசிக் குற்றச்சாட்டு எங்களுக்குப் பிடித்திருந்தது.

மதிலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பாதிப்பேர் சம்பூர்ப் பக்கத்தவர்கள். 2006 ஏப்ரலில் போருக்குப் பயந்து ஓடி, மட்டக்களப்பில் கிடந்து, அப்புறம் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரத்துக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள். ஊர்க் காணியில் 2015இல் 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படை இருந்த காணியும் விடுபட்ட பிறகுதான் தங்கள் கிணற்றடியைத் திரும்பப் பார்த்தார்கள். மற்றவர்கள் 1990இல் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பங்கள். மண்டபம் முகாமைத் தொட்டு எங்கெங்கோ சிதறி, திரும்பி வந்தவர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் கூட வந்தார்கள்.

மூதூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் விடிய பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து, பின்னேரம்தான் திரும்புவார்கள். வெயிலில் ஏணியில் நிற்பார்கள். தண்ணீர்ப் போத்தலை நீட்டினால் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். காரணம் ஆண்களுக்கு விளங்க நேரம் எடுக்கும், பெண்களுக்கு உடனே விளங்கும். போக இடமில்லை. பஸ் நிலையத்து மலசலகூடம் வரைக்கும் நடந்து போய் வருவதற்கும் தனியாகப் போக யோசனை, கூட ஒருவர் வந்தால் இரண்டு பேரின் வேலை நிற்கும். ஒரு பெண்ணுக்குச் சலக்கடுப்பு வந்து இரண்டு நாள் வராமல் இருந்தாள்.

அச்சாறு அக்கா இதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் மத்தியானம், ஏச வருகிறார் என்று நாங்கள் ஏணியைத் தள்ளி வைக்கப் போனபோது, "நங்கி, பின்னால இருக்கு, போய்ட்டு வாங்க" என்றார். கடைக்குப் பின்னால் அவர் வீட்டு ரொய்லற். அன்றிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுப் போனார்கள். இதுவே பெரிய உதவிதான்.

பிறகு அந்த இரவு வந்தது. மறுநாள், இதில் தலையிட வேண்டாம் என்று அவரிடம் சிலர் வந்து சொன்னதை நாங்களே பார்த்தோம். சரி, இனிக் கதவு மூடும் என்று நினைத்தோம். அவர்மேல் எங்களுக்குக் கோபமும் வந்திருக்காது, கடை நடத்திப் பிழைக்கிற மனுசி. ஆனால் அதற்கடுத்த நாள் காலை அவர் வந்து, திறப்பு வெட்டுகிறவரிடம் கொடுத்து வெட்டிய புதுத் திறப்பு ஒன்றை எங்கள் கையில் வைத்தார். தொலையாமல் இருக்க, மீன்வலை மிதவை ஒன்றை நைலோன் கயிற்றில் கோர்த்துக் கட்டியிருந்தார். "இனி என்னட்ட கேக்க வேணாம்" என்றார். அவ்வளவுதான். போய்க் கொய்யாக்காய் வெட்டத் தொடங்கிவிட்டார்.

கேட்க வேண்டாம் என்ற அந்தச் சொல்லை எங்கள் பெண்கள் அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். முகாமில் இருந்தவர்களுக்கு வாழ்க்கையே கேட்பதுதான். அரிசிக்கு அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டும். வெளியே போக, வர, செத்த வீட்டுக்குப் போகக் கேட்க வேண்டும். தங்கள் காணியைப் பார்க்கவும் ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். சம்பூர் அம்மம்மா ஒருவர் சொன்னார்: "தம்பி, பிறத்தியார் வீட்டுத் திறப்பு என்ர கையில இருந்தது இதுதான் முதல் தரம்." அதன் பிறகு அவர் தண்ணீர் குடித்தார். போத்தலை முழுசாக.

பொது இடத்தில் கலை என்று நாங்கள் பெரிதாகப் பேசுவோம். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் மதில்களுக்கு வண்ணம் அடித்தது நினைவிருக்கும். எந்த மதிலில் யாருடைய கதை வரவேண்டும் என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. அது அவசியமான சண்டைதான். ஆனால் கதைக்குரியவள் அந்த மதிலுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. நிற்க முடியாவிட்டால் அவளுடைய பாயை வேறு யாரோதான் வரைவார்கள். இனி நாங்கள் எழுதுகிற எந்தத் திட்டத்திலும் முதல் வரி மலசலகூடம். பெயின்ற் கணக்கு அதற்குப் பிறகுதான். நிதி தருகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி மற்றவர்கள். உங்களை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வதற்குக் கோபிக்க வேண்டாம்.

படகுக்குப் பெயின்ற் அடிக்கிற அண்ணைமார் வந்திருக்காவிட்டால் நாங்கள் தாருக்கு மேல் வெள்ளை அடித்துக்கொண்டே இருந்திருப்போம். தார் மேற்பூச்சுக்குள்ளால் ஊறி மண்ணிறமாக எட்டிப்பார்க்கும், எத்தனை தரம் அடித்தாலும் நிற்காது என்று சொன்னவர்கள் அவர்கள். சுரண்டி, மண்ணெண்ணெயால் துடைத்து, அலுமினியப் பூச்சு ஒன்று போட்டு மறைத்த பிறகுதான் நிறம் பிடித்தது. கடற்காற்றில் உப்புப் பூத்த மற்றப் பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டுத் தந்தார்கள். கூலி வாங்கவில்லை.

பன்பாய் இழைக்கிற பின்னல் கணக்கைத் தரையில் கோடு போட்டுக் காட்டிய மூதூர் உம்மாமார், சாப்பாட்டுப் பார்சல் அனுப்பிய கோயிலடிக் குடும்பங்கள், இரவில் முறைவைத்துக் காவல் இருந்த ஓட்டோத் தம்பிமார், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து சுரண்டிய பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. ஊருக்குள் திரிகிற மான்களுக்கு நன்றி இல்லை. பாயின் அச்சு வெட்டி வைத்த மட்டையை இரண்டு தரம் தின்றவை அவைதான்.

தாரில் முழுசாகப் போன மூன்று பாய்களை அதே குடும்பங்களே திரும்ப வரைந்தன. ஒன்று பழையபடி வரவில்லை. பச்சைக்குப் பதில் ஊதா வைத்துவிட்டார்கள், வேண்டுமென்றே. கேட்டதற்கு, "இது புதுப்பாய்" என்றார்கள்.

கடைசியாக ஒரு வேலை. எங்களிடம் இரவல் வந்த ஏணிகளில் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பச்சை நிற இரும்பு ஏணி ஒன்று மட்டும் யாருடையதென்று தெரியாமல் நிற்கிறது. அந்தக் காலை நெரிசலில் யாரோ கொண்டுவந்து சாத்திவிட்டுப் பெயர் சொல்லாமல் போயிருக்கிறார்கள். அதன் நடுப்படி கொஞ்சம் வளைந்துவிட்டது, வெல்டிங் செய்து வைக்கிறோம். உரியவர் அச்சாறுக் கடையில் வந்து கேளுங்கள். பிளேன்ரீ எங்கள் கணக்கில்.

பாய் மதில் வேலைக்காரர்கள்
திருகோணமலை