காலண்டரில் உள்ள டிராம் படம் குறித்து

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, மண்ணடியிலுள்ள உங்கள் அச்சகத்தாரின் வணக்கம்.

இவ்வாண்டு நாங்கள் வழங்கிய மாதக் காலண்டரில், பாரிமுனையைக் கடந்து செல்லும் பழைய வண்டியொன்றின் படம் உள்ளது. அது டிராலி பஸ்தானே (மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து, தண்டவாளமின்றிச் சாலையில் ஓடும் பஸ்), அப்படியானால் மேலே இரண்டு கம்பிகள் இருக்க வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். கடை வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக் கூடியதாக இல்லாததால், பில்லுடன் இம்மடலையும் வைத்து அனுப்புகிறோம்.

படத்தில் இருப்பது டிராம். சென்னையில் டிராலி பஸ் ஓடியதில்லை. இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டின் கூரையிலும் கம்பியைத் தொடும் நீண்ட கழி உண்டு. ஆனால், டிராமுக்கு மேலிருந்து வரும் மின்சாரம் சக்கரத்தின் வழியாக இரும்புத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிவிடுவதால் ஒரு கம்பியே போதும். ரப்பர் டயரில் ஓடும் டிராலி பஸ்ஸுக்கு அந்த வழி இல்லை. ஆகவே மின்சாரம் வர ஒரு கம்பி, திரும்ப இன்னொரு கம்பி, அதற்கேற்ப இரண்டு கழிகள். எங்கள் ஓவியர் ஒரு கம்பியும் ஒரு கழியும் வரைந்திருப்பது சரியே.

சென்னை டிராம் 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது. கல்கத்தாவில் மின்சார டிராம் வந்தது 1902-இல், பம்பாயில் 1907-இல் என்பதை எண்ணும்போது, நம் ஊர் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும். தொடக்கத்தில் தலைக்கு மேல் கம்பியே கிடையாது. தரைக்கடியில் அமைத்த கால்வாய் போன்ற குழியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். நம் ஊர் மழையில் அந்த ஏற்பாடு நிலைக்காததால், பின்னர் கம்பிகள் மேலே ஏறின. துறைமுகப் பகுதியையும் ஊரின் உட்பகுதிகளையும் இணைத்த அந்தப் பாதைகள் பாரிமுனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி சாலை, ரிப்பன் மாளிகை ஆகிய இடங்களைத் தொட்டுச் சென்றன. 1921-இல் 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின. கம்பெனி நொடித்துப்போனதால் 1953 ஏப்ரல் 12 அன்று எல்லாம் நின்றுபோயின.

டிராலி பஸ் பார்த்ததாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் பம்பாயில் பார்த்திருப்பார்கள். அங்கே கோவாலியா டேங்க் முதல் மஸ்காவ் டாக் வரை 1962 ஜூன் 11 முதல் 1971 மார்ச் 24 வரை அது ஓடியது. டெல்லியிலும் ஒரு காலத்தில் இருந்தது. தண்டவாளத்தில் ஒரு மாட்டுவண்டி அச்சு முறிந்து நின்றால் டிராமும் அதன் பின்னால் நிற்க வேண்டியதுதான். டிராலி பஸ்ஸோ, கழி எட்டும் தூரம்வரை ஒதுங்கி, தடங்கலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மூட்டை இறக்கும் வண்டிகள் நாளெல்லாம் வழியடைத்து நிற்கும் நம் ஜார்ஜ் டவுன் தெருக்களுக்கு அதுவே ஏற்றதாக இருந்திருக்கும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இப்படத்தைப் பெரிய அளவில், தேதித்தாள் இல்லாமல், தனியாகவும் அச்சிட்டு வைத்திருக்கிறோம். விரும்புவோர் கடையில் கேட்டு இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் பழைய டிராம் டிக்கெட்டோ புகைப்படமோ இருந்தால் அன்புகூர்ந்து கொண்டுவந்து காட்டுங்கள். உங்கள் முன்னிலையிலேயே ஸ்கேன் செய்துகொண்டு உடனே திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
அச்சகத்தார், மண்ணடி