வரைபடத்தின் ஓரத்தை வெட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வளரும் கிருஷ்ணகிரியைப் பற்றி எழுதி, பழைய சர்வே வரைபடம் ஒன்றும் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதன் கீழே, 'வெள்ளைக்காரர் காலத்தில் ஊரைச் சுற்றி வெறும் காலி நிலம்தான்' என்று எழுதியவர் படத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா?

தென்பெண்ணையின் குறுக்கே அணை பளிச்சென்று தெரிகிறது. காமராஜர் ஆட்சியில் திறந்த அணையை வெள்ளைக்காரன் எப்படி வரைந்தான்? நான் நிலம் அளக்கும் சங்கிலியை இழுக்கும் வேலையில் சேர்ந்து சர்வேயராக ஓய்வு பெற்றவன். டோப்போ ஷீட் என்கிற இந்த சர்வே வரைபடத் தாளில், 57 எல் என்ற தாள் எண், அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு எல்லாம் ஓரத்திலேயே இருக்கும். அந்த ஓரத்தை வெட்டிவிட்டு வீட்டுமனை விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். மூன்று பத்தி அகலத்துக்குச் சுருக்கிய படத்தின் மேல் 'ஒரு அங்குலம் ஒரு மைல்' என்று வேறு! சுருக்கினால் அந்தக் கணக்கு செல்லாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

காலி நிலமாம். அதில் நீலமாக இருப்பதெல்லாம் ஏரி. கரையை ஒட்டிப் பொடியாக ஓர் எண்ணும் பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். தரையிலிருந்து கரை எத்தனை அடி உயரம் என்று அர்த்தம். நீலப் புள்ளிகள் கிணறுகள். வெயிலில் நடந்து எவனோ ஒருவன் அத்தனையையும் குறித்திருக்கிறான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சர்வேயரான நானே ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் ஓடையில் மனை வாங்கி வீடு கட்டினேன். பத்திரத்தில் ஓடை இல்லை, பழைய வரைபடத் தாளில் இருந்தது. ஐப்பசி மழையில் சமையலறைக்குள் தண்ணீர் வந்தபோது தாளைச் சுருட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அது கம்ப்யூட்டரில் இல்லையே சார்" என்றார்கள். சரி என்று திரும்பி வந்தேன்.

அப்புறம், மாவட்டம் 2004-லேயே பிரிந்துவிட்டது. போன மாதம்கூட எங்களைத் தர்மபுரி மாவட்டம் என்றே அச்சிட்டீர்கள். எங்கள் மாங்காய்ப் படத்துக்குக் கீழே சேலம் என்று போட்டதற்கு நான் எழுதிய கடிதமும் உங்கள் பத்திரிகையில் வரவில்லை. இடம் இருந்திருக்காது.

இப்போது கேட்பது கொஞ்சம்தான். வெட்டிய ஓரத்தை, குறி விளக்கத்தோடு, அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் போடுங்கள். இரண்டு விரல் அகலம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சர்வேயர்,
கிருஷ்ணகிரி