காற்றுத் தலையணை

அன்புள்ள தம்பி,

நீ சொன்ன 'டோக்கியோ ஸ்டோரி'யை ஒருவழியாகப் பார்த்து முடித்துவிட்டேன், இரண்டு தவணையாக. அப்பா கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டார். நடுவில் விழித்து, "இன்னும் அதே ரூம்லதான் உட்கார்ந்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். 1953இல் எடுத்த ஜப்பானியப் படம், மெதுவாகத்தான் போகும் என்று நீ எச்சரித்திருந்தாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. நாள் முழுக்க வீட்டில் இருப்பவளுக்கு அதுதான் வேகம்.

அதை இயக்கிய ஓசு கேமராவைத் தரையோடு தரையாக வைப்பார் என்று சொல்வாயே, பார்த்தபோதுதான் புரிந்தது. கீழே உட்கார்ந்து பேசுகிறவர்களோடு நாமும் உட்கார்ந்துவிடுகிறோம். எழுந்து போக மனசு வரவில்லை.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகளால் நேரம் ஒதுக்க முடியவில்லை என்பதுதானே கதை. இதை ஏன் என்னைப் பார்க்கச் சொன்னாய் என்று முதலில் கோபம்கூட வந்தது. (குத்திக்காட்டவில்லை. போன தடவை வந்து இரண்டே நாளில் கிளம்பியதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.)

ஆனால் மனசில் நின்றது ஆரம்பக் காட்சி. கிழவரும் கிழவியும் பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறார்கள். காற்றடைக்கிற தலையணையைக் காணோம் என்கிறாள் அவள். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். இல்லை என்கிறாள். கடைசியில் அவரிடமே இருக்கிறது. அவர் அசடு வழியவில்லை, அவளும் சொல்லிக்காட்டவில்லை. கல்யாணமே செய்துகொள்ளாத ஓசுவுக்கு இது எப்படித் தெரிந்ததோ! நம் வீடாக இருந்தால் மூன்று நாள் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். பச்சைக் குடை உனக்கு மறந்திருக்காது.

கடைசியில், மனைவி போனபிறகு, கிழவர் தனியாக உட்கார்ந்து, இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அவளிடம் இன்னும் அன்பாக இருந்திருப்பேன் என்கிறார். படம் முடிந்ததும் அப்பாவை எழுப்பி, கழுத்து வலிக்கப் போகிறது, உள்ளே போய்ப் படுங்கள் என்றேன்.

மீனாவுக்கு அந்தத் தலையணைக் காட்சி பிடித்திருக்குமே. அவள் என்ன சொன்னாள்?

ராத்திரி ரொம்ப நேரம் முழித்துப் பார்க்காதே. இருட்டில் பார்க்காதே, ஒரு விளக்காவது எரியட்டும். முன்பெல்லாம் "பார்த்தோம்மா" என்பாய். மீனா பாதியில் அழுதாள், மீனா முடிவை முன்னாடியே கண்டுபிடித்துவிட்டாள் என்று அவள் கதைதான் படத்தின் கதையைவிட நீளமாக இருக்கும். இப்போது நாலைந்து மாதமாக "பார்த்தேன்" என்கிறாய். இரண்டு எழுத்துதான் மாறியிருக்கிறது. வேலை நேரம் ஒத்துவராமல் இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு பார் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து 'அபுர் சன்சார்' பார்த்தேன். சத்யஜித் ராய் 1959இல் எடுத்த வங்காளப் படம். உன் பட்டியலில் இல்லை, நானே தேடிப் பார்த்தேன், என்னையும் கொஞ்சம் மதி. காலையில் மனைவி எழுந்து போக முடியாதபடி புடவைத் தலைப்பைத் தன் துணியோடு முடிந்து வைத்திருப்பான் அபு. பார்க்கிற நமக்கே வெட்கமாக இருக்கும். அப்புறம் அவள் பிரசவத்தில் போய்விடுகிறாள். அந்தச் செய்தியைச் சொல்ல வந்த மச்சானை அபு ஓங்கி அடிக்கிறான். பிறந்த பிள்ளையின் முகத்தைக்கூட ஐந்து வருஷம் பார்க்கவில்லை. எல்லோரும் அபுவுக்காக அழுவார்கள் போல. எனக்கு அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது. பையன் அவன்மேல் கல்லெறிந்தபோது சரியாகத்தான் எறிகிறான் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அந்த அடி மட்டும் நாலு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. செய்தி கொண்டுவந்தவன் என்ன செய்வான், பாவம்!

மார்ச்சில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டாய். "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரு, முதலில் நான் சொல்கிறேன் என்று அன்றைக்குப் பார்த்த படத்தின் கதையை ஆரம்பித்தேன். இருபது நிமிஷம் இருக்கும். நீ "ம்" போட்டுக்கொண்டே இருந்தாய். நிறுத்தினால் நீ பேச ஆரம்பித்துவிடுவாயே என்று நான் நிறுத்தவில்லை. அப்புறம், "சரிம்மா, தூங்கு" என்று வைத்துவிட்டாய். அந்தப் படத்தை நான் பாதிதான் பார்த்திருந்தேன், தம்பி. மீதிக் கதையை நானே இட்டுக்கட்டிச் சொன்னேன்.

அபு அடித்தான். நான் வாயையே திறக்க விடவில்லை.

அந்தப் பையன் கடைசிவரை அபுவை அப்பா என்று ஒத்துக்கொள்ளவில்லை. நண்பன் என்று சொன்ன பிறகுதான் கூடப் போனான். அம்மாவிடம் சொல்ல முடியாது என்றால் படம் பார்க்கிற கூட்டாளியிடம் சொல்கிற மாதிரி சொல். அப்பா தூங்கின பிறகு கூப்பிட்டாலும் சரி. நான் குறுக்கே பேசமாட்டேன். பேசினால், "அம்மா, மீதிக் கதை வேண்டாம்" என்று சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. படம் எதுவும் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை.

அம்மா