நேரே போவதா, நின்று போவதா?

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள மாணிக்கம்,

திட்டாதே. தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு தீர்ந்து, டப்பாவில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது. பதில் எழுதத்தான் கை வரவில்லை. இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி அப்படியே. செல்வம் மறுபடியும் வீட்டை விற்கப் போகிறானாம், நம்பாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க்கில் நம்ம கவிதா முழுகாமல் இருக்கிறாள். ஜூலையில் பிரசவம். நாங்கள் இருவரும் நியூயார்க் போகிறோம். சிரிக்காதே, ஈப்போவுக்கு பஸ்ஸில் வர முதுகு வலிக்கிறது என்றவன்தான் போகிறேன்.

சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையத்துக்குச் சுமார் 15,350 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் போக 18 மணி நேரத்துக்கு மேல். இப்போதைக்கு உலகத்திலேயே நீளமான விமானச் சேவை இதுதானாம். பேரனின் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேரே வடக்கே ஏறி, வட துருவத்தை உரசிக்கொண்டு கனடா பக்கம் இறங்குகிறது! ஆனால் விமானம் அந்த வழியில் போவதில்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு பசிபிக்கைக் கடக்கிறது. தூரம் கூடும், நேரம் குறையும். திரும்பும்போது சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருமாம். அதாவது கிழக்கே போய், மறுபடி கிழக்கேயே போனால் வீடு வந்துவிடும். 'கோணக்கால்' வாத்தியார் இருந்திருந்தால் இதைச் சொன்னதற்கே என்னைப் பெஞ்சில் ஏற்றியிருப்பார்.

இன்னொரு கூத்து. ஜூலையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் ஏறினால் விடிகாலையில் இறங்கலாம். முள்ளைப் பார்த்தால் ஆறேழு மணி நேரப் பயணம். காலுக்குத்தான் பதினெட்டும் தெரியும்.

அந்தக் காலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். துரை மெல்பர்னிலிருந்து வந்த மூன்றாம் நாள் காலில் இரத்தம் கட்டி, நுரையீரல் வரை போய், பிழைத்ததே பெரிது என்று ஆனது உனக்குத் தெரியும். அது எட்டு மணி நேரப் பயணம்தான். எனக்கோ சர்க்கரை, வயது அறுபத்தெட்டு. ராத்திரி படுத்தால் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே கிடக்கிறேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானமும் உண்டு. மொத்தம் ஒரு நாள் ஆகிவிடும், ஆனால் இடையில் இறங்கி நாலு எட்டு நடக்கலாம். நேர் விமானத்தில் சாதாரண எக்கானமி வகுப்பே கிடையாது என்பதால் காசும் மிச்சம்.

உன் தங்கச்சி கேட்டால்தானே! "நடக்க முடியாமத்தானே உட்கார்ந்து போறோம், நடுவுல இறக்கி நடக்க வைப்பீங்களா?" என்கிறாள். அவள் முழங்காலுக்கு அது நியாயம், என் காலுக்கு இது நியாயம். ஆளுக்கொரு விமானத்தில் போகலாம் என்றேன். அன்று ராத்திரி ரசம்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு உதவி செய். உன் டாக்டர் மருமகனிடம் கேள். இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு, மணிக்கு ஒருதரம் எழுந்து நடந்தால் போதுமா, இல்லை மாத்திரையும் வேண்டுமா? கவிதா டிக்கெட் எடுக்கச் சொல்லி நெருக்குகிறாள், அதனால் போனிலேயே சொல். பழனியிடம் மட்டும் கேட்டுவிடாதே, கப்பலில் போ என்பான்.

அன்புடன்,
சாமிநாதன்