மிச்சமிருந்த மூன்று விநாடி: சேலத்து உள்ளூர் கேபிள் தொலைக்காட்சி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். யாரிடம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள், இது நமக்கு வந்த மடல் இல்லை என்று மடித்து வைத்துவிடுவீர்கள். நிகழ்ச்சி செய்தவர்களின் பெயரைத் திரையில் போடுங்கள், பதிவில் ஒரு நகலை அவர்கள் கையில் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் பதவியின் பெயர் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். சேலத்தில் இதைச் சொல்லிக்கொண்டு நடமாடுவது சங்கடம். இந்த ஊருக்குத் தயாரிப்பாளர் என்றால் டி.ஆர். சுந்தரம்தான், 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த நிறுவனத்தை நடத்தியவர். நான் பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளை படத்துக்குப் பணம் போடுகிறவராம் என்று ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். சினிமாவில் தயாரிப்பாளர் பணம் போடுகிறவர். தொலைக்காட்சியில் அவர் சம்பளக்காரர். உங்கள் மாடி ஸ்டூடியோவில் அவர் தொலைபேசியை எடுப்பவர், கேட்ட பாட்டைத் தேடுபவர், கேமராவை ஓடவிட்டுவிட்டு, மைக்கில் இரைச்சல் விழாமல் இருக்க மின்விசிறியை அணைப்பவர்.

2004-ல் சன் மியூசிக் வந்த பிறகு நேயர் தொலைபேசியில் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி உங்களுக்கும் வேண்டியிருந்தது. எங்களுக்கு ஒரு தொகுப்பாளினி கிடைத்தார். பெயரைப் போடுங்கள் என்று கேட்க வந்த மடலில் அவர் பெயரை நானே போடவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது முறையாகாது.

அந்த வேலையைச் சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அழைப்பவர் வீட்டு டிவியின் சத்தம் தொலைபேசிக்குள் புகுந்து திரும்பி வந்து காதைத் துளைக்கும். சத்தத்தைக் குறையுங்கள் என்று அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். ஒரு மாலை குறுந்தகடு சிக்கிக்கொண்டது. இணைப்பில் அம்மாபேட்டைப் பாட்டி ஒருவர். பின்னணியில் தறிச் சத்தம். எங்கள் தொகுப்பாளினி சிறிதும் தடுமாறவில்லை. "பாட்டி, தறியில் ஏற்றிய இந்தப் பாவு நூலில் எத்தனை சேலை தேறும்?" என்று கேட்டார். பாட்டி கணக்குச் சொன்னார், கூலி சொன்னார், மருமகளைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். நான் தகட்டை வேட்டி நுனியில் துடைத்துப் போடுவதற்குள் நான்கு நிமிடம் போயிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. மறுநாள் ஆறு பேர் பாட்டைக் கேட்காமல் பாட்டியைப் பற்றி விசாரித்தார்கள்.

நிகழ்ச்சிக்கு விளம்பரம் தந்தது செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடை. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு கேமரா தொகுப்பாளினியின் காலுக்குப் போய் வரும். டவுன் பஸ்ஸில் அவரைக் 'கொலுசுக்கார அம்மணி' என்றுதான் அழைத்தார்கள். சன் தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்த தொகுப்பாளினி உமாவுக்கே, விளம்பரம் தந்த குளிர்பானத்தின் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டு பெப்சி உமா ஆகிவிட்டது. அவருக்காவது பெயரில் பாதி மிஞ்சியது.

பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனைப் பாறைக்குப் போனோம். மார்கழி விடியல். லென்ஸில் பனி படிந்து படிந்து துடைத்துக்கொண்டே இருந்தேன். கொலுசு தெரிய வேண்டும், செருப்பைக் கழற்றச் சொல் என்றார் உரிமையாளர். அதை அவரிடம் போய்ச் சொன்னவன் நான். அந்தப் பாறையில் ஒன்றரை மணி நேரம் வெறுங்காலோடு நின்று சிரித்தார்.

2009-ல் சென்னையில் ஒரு பெரிய அலைவரிசை அவரை நேர்காணலுக்கு அழைத்தது. செய்த நிகழ்ச்சியிலிருந்து பத்து நிமிடம் கொண்டுவரச் சொன்னார்கள். அலமாரியைக் குடைந்தேன். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தக் கேசட்டுகளில் ஒன்றில்கூட நிகழ்ச்சி இல்லை. எல்லாவற்றின் மேலும் உங்கள் கல்யாண வீடியோ வியாபாரம் பதிவாகியிருந்தது. ஒரு கேசட்டில் யார் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவோ ஐம்பத்தொன்பது நிமிடம் ஓடி முடிந்தது. அதன் பிறகு, மேலெழுதப்படாத வாலில், மூன்று விநாடி: அவர் கை அசைகிறது, 'மீண்டும் சந்தி...' என்கிறார், திரை நீலமாகிறது.

மூன்று விநாடியை வைத்துக்கொண்டு சென்னையில் யாரும் வேலை கேட்க முடியாது. அனுபவச் சான்று கேட்டதற்கு, இதென்ன அரசாங்க உத்தியோகமா என்று சிரித்தார் உங்களில் ஒருவர். இப்போது அந்தத் தொகுப்பாளினி ஒரு ஜவுளிக் கடையில் மைக் பிடிக்கிறார். ஆடித் தள்ளுபடியை அவ்வளவு அழகாகச் சொல்ல ஆள் இல்லை.

சிவகார்த்திகேயனைப் பார், டிவியிலிருந்து போனவர்தானே என்பீர்கள். நகைச்சுவைப் போட்டியாளராக வந்து, தொகுப்பாளராகி, 2012-ல் கதாநாயகனானவர், உண்மைதான். அவருடைய பழைய நிகழ்ச்சிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் ஜெயித்ததைக் காட்டி நூறு பேருக்குச் சம்பளத்தைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

உள்ளூர் நிகழ்ச்சிகளின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை கேபிள் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. புகார் வந்தால் காட்டுவதற்கு. எப்படியும் வைக்கப்போகும் பதிவில் ஒரு நகலைச் செய்தவர் கையில் கொடுக்க என்ன தடை? இன்று கேசட் செலவுகூடக் கிடையாது.

இன்னொன்று, நிகழ்ச்சி முடிவில் பத்து விநாடி பெயர்ப் பட்டியல். மாடர்ன் தியேட்டர்ஸின் படப்பிடிப்புத் தளங்கள் போய்விட்டன, ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ஆனால் 1950-களில் அங்கே எடுத்த படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒலிப்பதிவு யார், ஒப்பனை யார் என்று பெயரோடு வரும். உங்களிடம் எட்டு ஆண்டு இருந்த என் பெயர் ஒருநாளும் திரையில் வந்ததில்லை. பல்பொடி விளம்பரம் ஒரே மணி நேரத்தில் ஐந்து முறை வந்தது.

நான் இப்போது அம்மாபேட்டையில் வீடியோ கடை வைத்திருக்கிறேன். அந்தக் கேசட்டுகளை ஓட்டும் கருவி இன்னும் வேலை செய்கிறது. கேசட்டைப் படிக்கும் அதன் ஹெட்டைப் போன மாதம்தான் சுத்தம் செய்தேன். உங்கள் மாடியில், பழைய செட்டாப் பாக்ஸ்களுக்கு அடியில் எங்காவது ஓர் அட்டைப்பெட்டி கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சொல்லி அனுப்பினால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். காசு வேண்டாம். ஒவ்வொன்றின் கடைசி மூன்று விநாடியையும் பார்த்துவிட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்