டூயல் பூட் கேட்ட மடிக்கணினியில் இருந்த விண்டோஸையும் அழித்தது குறித்துப் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தலைமை அலுவலகம்.

ஐயா,

வணக்கம். கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். 2012இல் வாங்கிய என் மடிக்கணினியை டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு ஓஎஸ், அதாவது இயங்குதளங்கள்) செய்வதற்காக உங்கள் கிளையில் கொடுத்தேன். ஜாப் ஷீட்டில் என் கைப்பட எழுதியது இது: “விண்டோஸ் 7 அப்படியே இருக்க வேண்டும். ஃபைல் எதையும் தொடக் கூடாது. கூடவே லினக்ஸ் மின்ட் போட வேண்டும்.” திரும்பி வந்த கணினியில் லினக்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பில்லில் மட்டும் ‘டூயல் பூட் முடிந்தது’ என்று போட்டிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டும் ஏன் வேண்டும் என்று கிளையில் முதலிலேயே சொன்னேன். என் பழைய வேலைகள் எல்லாம் விண்டோஸில் ஓடும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. “மூத்தவளுக்கு அடிச்ச மாதிரியே சின்னவளுக்கும்” என்று கேட்டு வருபவர்களுக்கு அந்த ஃபைலைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றித்தான் கொடுக்கிறேன். ஆனால் விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதில் பேங்க் வேலை பார்க்கப் பயமாக இருக்கிறது. இன்டர்நெட்டுக்கு லினக்ஸ், பத்திரிகைக்கு நெட் இல்லாத விண்டோஸ். இவ்வளவுதான் என் தேவை.

என்ன நடந்தது என்பதை உங்கள் டெக்னீஷியன் தம்பியே மறைக்காமல் சொன்னார். லினக்ஸுக்கு இடம் எடுக்க சி டிரைவைச் சுருக்கியிருக்கிறார். காலியான இடத்தில் புதுப் பகுதி உருவாக்கப் போனபோது, டிஸ்க்கை ‘டைனமிக்’ என்ற, விண்டோஸுக்கே உரிய பிரிப்பு முறைக்கு மாற்றப் போவதாக விண்டோஸ் எச்சரித்திருக்கிறது. “ஏதோ கேட்டுச்சு சார், எஸ் கொடுத்துட்டேன்” என்றார். அதற்கப்புறம் லினக்ஸ் இன்ஸ்டாலரில் ‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவு’ என்ற வழியே வரவில்லை. அதனால் ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்பதை அழுத்தியிருக்கிறார்.

அந்த எச்சரிக்கை சும்மா வரவில்லை. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் நான்கு பிரைமரி (முதன்மை) பகுதிகளுக்கு மேல் போட முடியாது. என் கணினியில் சிஸ்டம், சி டிரைவ், ரிகவரி, தயாரிப்பாளரின் டூல்ஸ் என்று நான்கும் வாங்கும்போதே நிரம்பியிருந்தன. அந்தக் காலத்து மடிக்கணினிகளைக் கையாண்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ரிகவரி டிஸ்க் எடுத்து வைத்துக்கொண்டு, டூல்ஸ் பகுதியை நீக்கி எண்ணிக்கையைக் குறைத்து, சி டிரைவைச் சுருக்கிக் கிடைத்த காலி இடத்தில் எக்ஸ்டெண்டட் பகுதி (உள்ளே வேறு பகுதிகள் போடக்கூடியது) உருவாக்கினால் போதும். அதற்குள் லாஜிக்கல் பகுதியில் லினக்ஸ் நன்றாகவே பூட் ஆகும். டைனமிக் ஆக்கிவிட்டாலோ, விண்டோஸின் சொந்தக் கருவியை வைத்துப் பழைய நிலைக்குத் திரும்ப எல்லாப் பகுதிகளையும் அழிக்க வேண்டும். அந்த இடத்திலாவது கையை எடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம்.

தம்பியை விடக் கிளை மேலாளரின் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. “மெஷின் ரொம்பப் பழசு சார், ரெண்டு ஓஎஸ் தாங்காது, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கோங்க” என்றார். டூயல் பூட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம், அது மட்டும் ஓடுகிறது. பங்கு போடுவது டிஸ்க் இடத்தை மட்டும்தான். ஏறக்குறைய அதே காலத்தில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸும் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பழசு என்பது உண்மைதான். ஆனால் டேட்டா போனதற்குக் காரணம் அது இல்லை.

ரிகவரி பகுதியும் போய்விட்டதால் கணினியோடு வந்த அசல் விண்டோஸை நானே திரும்பப் போட்டுக்கொள்ள வழியில்லை. ‘வேறு காப்பி’ ஒன்றைப் போட்டுத் தருவதாகக் கிளையில் சொன்னார்கள். கிராக் செய்த காப்பி எனக்கு வேண்டாம். அடிப்பக்க ஸ்டிக்கரில் லைசென்ஸ் எண் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் அசல் விண்டோஸ் 7ஐப் போட்டுத் தாருங்கள். அதற்கு முன்னால், உங்கள் செலவில் டேட்டா மீட்பு முயற்சி நடக்க வேண்டும். மேலே மேலே எழுதினால் பழைய ஃபைல்கள் கிடைக்காது என்பதால் விஷயம் தெரிந்ததிலிருந்து கணினியை ஆன் செய்யாமல் வைத்திருக்கிறேன். பிறகு லினக்ஸை முறையாக நிறுவ வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்கும்போது விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும் வழக்கமான கோளாறையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள். வாங்கிய கூலியைத் திருப்பித் தர வேண்டும். இந்த வேலையை வேறு அனுபவமுள்ள டெக்னீஷியன் செய்யட்டும்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கணினியைக் கொடுப்பதற்கு முன் எடுத்த டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையின் படம், ஜாப் ஷீட் நகல், பில் நகல் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்,
கும்பகோணம்.